ஊரடங்கும் நகரத்து வளியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் உரையாற்ற அழைத்த சங்கத்தினர், வைத்தியர் என்ற வகையில் நாளாந்த வாழ்வோடு தொடர்புள்ள ஒரு விடயத்தைப் பேசும்படி கேட்டார்கள். நான் லண்டனில் சுவாச நோய்ப் பிரிவொன்றில் பணியாற்றுகிறேன். ஆகவே, நாம் எல்லோரும் இந்த மண்டபத்தில் இப்போதும் செய்துகொண்டிருக்கும் மூச்சுவிடும் காரியத்தைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

2020ஆம் ஆண்டு கொவிட் தொற்றினால் உலகம் முடங்கியபோது, துயரச் செய்திகளுக்கிடையே ஒரு நல்ல செய்தியும் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெருநகரங்களின் காற்றுச் சுத்தமாகிவிட்டது, வானம் நீலமாகிவிட்டது என்றார்கள். படங்கள் கைத்தொலைபேசி தோறும் பரவின. பூமி தன்னைத்தானே சுகப்படுத்திக்கொள்கிறது என்றுகூடச் சிலர் எழுதினார்கள். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை, இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது என்ன என்பவற்றையே இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் இரண்டு பெயர்களை அறிமுகம் செய்துவிடுகிறேன். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று நைதரசனீரொட்சைட்டு. எரிபொருள் மிக உயர்ந்த வெப்பநிலையில் எரியும்போது வளியிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து இந்த வகை வாயுக்கள் உண்டாகின்றன. நகரங்களில் இதன் பெரும்பகுதி வாகனங்களிலிருந்து, குறிப்பாக டீசல் வாகனங்களிலிருந்து வருகிறது. வளியில் இதன் ஆயுள் சில மணித்தியாலங்கள்தான். அதனால் இயந்திரங்கள் நின்றால் இது உடனே குறைந்துவிடும்.

மற்றையது நுண்துணிக்கைகள். 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த விட்டமுள்ளவை, ஒரு தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். இந்த நுண்துணிக்கைகளோ சுவாசப்பையின் சிற்றறைகள் வரை செல்கின்றன. அவற்றுள்ளும் மிகச் சிறியவை குருதிக்குள்ளேயே புகுந்துவிடும். காற்று மாசு என்றவுடன் இருமலையும் முட்டு வருத்தத்தையுமே நினைக்கிறோம். உண்மையில் மாரடைப்பும் பக்கவாதமும் இதன் பெரிய விளைவுகள். வெளி வளி மாசடைந்ததால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 42 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்னர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு.

இனி நகரங்களுக்கு வருவோம். 2020 ஜனவரி 23ஆம் திகதி, ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் வூஹான் நகரம் மூடப்பட்டது. சில வாரங்களில் செய்மதிகள் எடுத்த படங்களில் சீனாவுக்கு மேலே வழமையாகத் தெரியும் நைதரசனீரொட்சைட்டுப் படலம் மங்கிப் போயிருந்தது. கிழக்குச் சீனாவிலும் மத்திய சீனாவிலும் அந்தக் காலப்பகுதிக்கு வழமையாக இருக்கும் அளவிலும் 10 தொடக்கம் 30 வீதம் குறைவு என நாசா விஞ்ஞானிகள் கூறினர்.

அடுத்தது டில்லி. மார்ச் 25ஆம் திகதி தொடக்கம் இந்தியா முழுவதும் முடக்கப்பட்டது. நுண்துணிக்கைகளால் உலகில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட தலைநகரங்களுள் ஒன்றான டில்லியில், சில நாட்களுக்குள்ளேயே அவற்றின் அளவு ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. வட இந்தியாவின் வளியில் மிதக்கும் துணிக்கைகள், அந்தப் பருவத்தில் 20 வருடங்களாகக் காணாத அளவுக்குக் குறைந்திருந்ததை நாசாவின் தரவுகள் காட்டின. பஞ்சாப் மாநிலத்தின் ஜலந்தர் நகரத்து மக்கள், நூறு மைலுக்கு அப்பாலுள்ள தவுலதார் மலைத்தொடரின் பனிமுடிகளைத் தங்கள் வீட்டு மொட்டைமாடிகளில் நின்று பார்த்தார்கள். அந்த மலை அங்கே இருப்பதை ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்த பிள்ளைகள் முதன்முதலாக அதைக் கண்டார்கள்.

இதுவரை நல்ல செய்தி. இனி அதன் மறுபக்கம்.

ஒரு நகரத்தின் காற்றை முடக்கத்துக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட்டால் மட்டும் போதாது. அளவுகளை மாற்றுவது வாகனம் மட்டுமல்ல. காற்று, மழை, வெப்பநிலை எல்லாமே மாற்றுகின்றன. வட இந்தியாவில் மாரி கழிந்து கோடை வரும்போது மாசு இயல்பாகவே குறையும். எனவே காலநிலையின் பங்கைக் கணிதமுறையில் கழித்துவிட்டு, முடக்கத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். உலகின் 11 பெருநகரங்களுக்கு இவ்வாறு கணக்கிட்ட ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. நைதரசனீரொட்சைட்டு எல்லா இடமும் குறைந்ததுதான். ஆனால் எதிர்பார்த்த அளவுக்கல்ல. நகரத்துக்கு நகரம் 10 தொடக்கம் 50 வீதம். நுண்துணிக்கைகள் பெரும்பாலான நகரங்களில் குறைந்தன. லண்டனிலும் பாரிஸிலும் கூடின. ஓசோன் வாயுவோ லண்டன் தவிர்ந்த நகரங்களில் 2 தொடக்கம் 30 வீதம் வரை கூடியது.

வாகனங்கள் நின்ற நகரத்தில் மாசு கூடுமா என்று கேட்பீர்கள். கூடும். வாகனப் புகையில் உள்ள நைத்திரிக் ஒட்சைட்டு, நகரத்து வளியிலுள்ள ஓசோனோடு தாக்கமடைந்து அதை அழித்துக்கொண்டிருக்கிறது. வாகனம் நின்றவுடன் அந்த அழிவும் நின்றது; ஓசோன் எஞ்சியது. வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், நாம் சுவாசிக்கும் மட்டத்தில் சுவாசக் குழாய்களை எரிச்சலூட்டும் நச்சு வாயு.

பீஜிங்கில் நடந்தது இதைவிட வியப்பானது. சீனா முடங்கிக் கிடந்த 2020 பெப்ரவரியிலும் அந்த நகரத்தைக் கடும் புகார் மூடியது. காற்றோட்டம் இல்லை, ஈரப்பதன் அதிகம். எஞ்சியிருந்த வாயுக்கள் வளியிலேயே தாக்கமடைந்து புதிய நுண்துணிக்கைகளாக மாறின. லண்டனில் அந்த வசந்த காலத்தில் ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வீசிய கீழைக்காற்று மாசைச் சுமந்து வந்தது. அதில் வயல்களுக்கு இடும் பசளையிலிருந்து எழும் அமோனியாவுக்கும் பங்குண்டு. லண்டன்வாசிகள் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். பயிர்ச்செய்கை நிற்கவில்லை, காற்றும் நிற்கவில்லை.

ஆக, முடக்கம் நமக்கு ஒரு கணக்கைப் பிரித்துக் காட்டியது. வாகனத்தை நிறுத்தினால் இவ்வளவு குறையும். மிச்சம் அனல் மின்நிலையங்களுக்கும், சமையல் அடுப்புகளுக்கும், வயல்களுக்கும், எரியும் குப்பைக்கும் உரியது என்று காட்டியது. எல்லாம் நின்ற நாட்களிலும் டில்லி உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்புக்குள் வந்துவிடவில்லை. அதே ஆண்டு நவம்பரில், பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் வெட்டிய வயல்களில் வைக்கோலடி எரிக்கப்பட்டபோது, டில்லி மறுபடியும் புகைக்குள் மூழ்கியது. கரியமிலவாயு என்று நாம் சொல்லும் காபனீரொட்சைட்டின் கதையும் இதுவே. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் உலகின் நாளாந்த வெளியேற்றம் முந்திய ஆண்டின் சராசரியிலும் 17 வீதம் குறைந்தது. ஆனால் அது வளிமண்டலத்தில் நெடுங்காலம் தங்கும் வாயு என்பதால், அதன் மொத்தச் செறிவு அந்த ஆண்டும் உயர்ந்தே சென்றது.

ஒரு வைத்தியராக என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, அந்த நாட்களில் முட்டு வருத்தம் குறைந்ததா என்பது. ஆஸ்துமா கடுமையாகி வைத்தியசாலைக்கு வருவோர் தொகை பல நாடுகளில் குறைந்தது. நாங்களும் அதைக் கண்டோம். ஆயினும் அதை முழுவதும் காற்றின் கணக்கில் எழுதிவிட முடியாது. பாடசாலைகள் மூடியிருந்ததால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தடிமனைத் தொற்றவைக்கவில்லை. எல்லோரும் முகக்கவசம் அணிந்தார்கள். பலர் கொவிட்டுக்குப் பயந்து வைத்தியசாலைப் பக்கமே வரவில்லை. இந்தக் காரணங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது கடினம்.

இதைவிடத் தெளிவான சான்று பழையது. 2008ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்காகப் பீஜிங்கில் தொழிற்சாலைகளும் வாகனங்களும் சில வாரங்களுக்குக் கட்டுப்படுத்தப்பட்டன. அப்போது ஆரோக்கியமான 125 இளம் வைத்தியர்களின் குருதியைப் பரிசோதித்தார்கள். குருதி உறைதலோடும் அழற்சியோடும் தொடர்புடைய சில குறிகாட்டிகள் அந்த வாரங்களில் நல்ல பக்கம் திரும்பின. போட்டி முடிந்து புகை திரும்பியதும் அவையும் பழைய நிலைக்குத் திரும்பின. கர்ப்பத்தின் எட்டாம் மாதம் அந்தப் போட்டிக் காலத்தில் அமைந்த தாய்மாரின் குழந்தைகள், முந்திய, பிந்திய ஆண்டுகளில் அதே காலத்துக் குழந்தைகளைவிடச் சராசரியாக 23 கிராம் கூடிய நிறையுடன் பிறந்தார்கள். 23 கிராம் சிறிய அளவாகத் தோன்றலாம். தாய் சுவாசிக்கும் காற்றுக் கருவிலுள்ள பிள்ளையையும் எட்டுகிறது என்பதை அது சொல்கிறது.

இனி, அந்த நீல வானத்துக்கு விலை கொடுத்தது யார் என்ற கேள்வி. டில்லியின் காற்று மிகச் சுத்தமாக இருந்த அதே நாட்களில், வேலையிழந்த கூலித் தொழிலாளர்கள் பிள்ளைகளைத் தோளில் சுமந்தபடி நூற்றுக்கணக்கான மைல் தூரம் தங்கள் கிராமங்களை நோக்கி நடந்தார்கள். அந்தக் காற்றைச் சுத்தமென்று கொண்டாடும்போது அவர்களின் கால்களையும் நினைக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் இங்கே படித்த எங்களுக்கு ஊரடங்கு என்பது புதிய சொல் அல்ல. பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை. வீதி நிறையச் சைக்கிள்கள்தான். இருந்த சில மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின. மின்சாரம் இல்லாமல் போத்தல் விளக்கில் படித்தோம்; காலையில் மூக்கைத் துடைத்தால் லேஞ்சியில் கரி. வாகனம் குறைந்த அந்த வீதிகளை யாரும் சுற்றாடல் சாதனை என்று புகழவில்லை. இல்லாமையால் கிடைத்த சுத்தம் இல்லாமை தீர்ந்ததும் போய்விட்டது.

பெண்கள் கல்லூரியொன்றில் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வெளியே வளி சுத்தமான நாட்களில் வீட்டுக்குள்ளே என்ன நடந்தது? விறகும் சாணியும் எரியும் வீடுகளில், எல்லோரும் வீட்டில் இருந்ததால் அடுப்பு நாள் முழுவதும் எரிந்தது. வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. அந்தப் புகைக்கு மிக அருகில் இருப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்தான். செய்மதி வீதியைப் பார்க்கும், குசினியைப் பார்க்காது. 2022இல் எமது நாட்டில் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் நின்றபோது சமையல் எரிவாயுவும் கிடைக்கவில்லை. எத்தனை வீடுகளில் அம்மாமார் மறுபடி விறகடுப்பின் முன் குந்தினார்கள் என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

அப்படியானால் நிலைத்து நிற்கும் சுத்தமான காற்று எப்படி வரும்? அதற்கும் இதே நகரங்களில் விடை இருக்கிறது.

பீஜிங்கில் 2013இல் ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 90 மைக்ரோகிராமாக இருந்த நுண்துணிக்கைகளின் ஆண்டுச் சராசரி, 2021இல் 33 ஆகக் குறைந்தது. நிலக்கரிக் கொதிகலன்களை மாற்றினார்கள். பழைய வாகனங்களை அகற்றினார்கள். தொழிற்சாலைகளுக்குக் கடும் விதிகளை வைத்தார்கள். மணிக்கு மணி அளவுகளை மக்களுக்கு வெளியிட்டார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வகுத்த வரம்பு 5 மைக்ரோகிராம் என்பதால் 33 இன்னமும் அதிகம்தான். ஆனால் மக்களை வீட்டில் பூட்டிவைத்த ஒரு மாதத்தால் தடுக்க முடியாத புகாரை, எட்டு வருட வேலை மூன்றில் ஒன்றளவுக்கு இறக்கியிருக்கிறது.

லண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாட்கள் நின்ற நிலக்கரிப் புகார் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் பின் 1956இல் சுத்தமான வளிச் சட்டம் வந்தது. நம் காலத்தில், 2019 ஏப்ரலில் மத்திய லண்டனுக்குள் மாசு கூடிய பழைய வாகனங்களுக்கு நாட்கட்டணம் விதிக்கப்பட்டது. 2021இலும் 2023இலும் அந்த எல்லை விரிந்து இன்று லண்டன் முழுவதையும் உள்ளடக்குகிறது. எதிர்ப்பு நிறைய இருந்தது. பழைய வாகனத்தை நம்பி வாழ்ந்த சிறு தொழிலாளரின் கவலை நியாயமானதும்கூட. அப்படியிருந்தும் விதி நின்றது.

அந்த விதிக்கு வலுச் சேர்த்தவர்களுள் ஒரு தாயும் இருக்கிறார். எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, தென்கிழக்கு லண்டனில் வாகன நெரிசல் மிகுந்த பெருவீதி ஒன்றுக்கு அருகே வாழ்ந்தவள். மூன்று வருடங்களுக்குள் ஏறக்குறைய 30 தடவை ஆஸ்துமாவுக்காக வைத்தியசாலைக்குச் சென்று, 2013 பெப்ரவரியில் இறந்துபோனாள். அவளுடைய தாய் ரோசமண்ட் ஓர் ஆசிரியை. தன் மகள் ஏன் இறந்தாள் என்று கேட்பதை அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது மரண விசாரணை நடந்து, 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, வளி மாசடைதலும் அந்த மரணத்துக்குக் காரணமாயிருந்தது எனத் தீர்ப்பளித்தார். பிரித்தானியாவில் ஒரு மரணத்துக்கு அப்படி ஒரு காரணம் எழுதப்பட்டது அதுவே முதற்தடவை.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு குறிப்பும் உண்டு. வளி மாசு பிள்ளையின் நோயைக் கூட்டும் என்ற விபரம் தாய்க்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஏதாவது நடவடிக்கை எடுத்திருக்கக்கூடும் என்பது. வைத்தியர்கள் இதை நோயாளருக்குச் சொல்ல வேண்டும் என்று பின்னர் வலியுறுத்தப்பட்டது. இன்று நான் இந்த மேடையைப் பயன்படுத்துவதும் அதற்காகத்தான்.

இதெல்லாம் பெருநகரத்துக் கதை, எங்கள் ஊருக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வட இந்தியச் சமவெளியின் புகை வங்காள விரிகுடா வழியாக எம்மை வந்தடைகிறது. 2019 நவம்பரில் டில்லி திணறியபோது கொழும்பின் வளியும் கெட்டதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எடுத்துக்காட்டியது. 2022 டிசம்பரில் புகார் மூடி நாடு முழுவதும் பாடசாலைகளுக்கு ஒரு நாள் விடுமுறை வழங்கப்பட்டதை இங்குள்ள மாணவிகள் மறந்திருக்க மாட்டார்கள். சோளகம் தொடங்கும்வரை அந்தக் காற்றோடு வாழ வேண்டியவர்கள் நாங்கள். வெளியிலிருந்து வருவதை எங்களால் தடுக்க முடியாது. ஆனால் அதன்மேல் எங்கள் பங்கையும் கூட்டாமல் இருக்கலாம்.

ஆகவே நூற்றாண்டில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது பெற்றோருக்கு. பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் காத்து நிற்கும் வான்களும் கார்களும் ஓட்டோக்களும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கட்டும். பிள்ளைகளின் மூக்கு, புகைக்குழாயின் உயரத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

இரண்டாவது எல்லோருக்கும். கூட்டிய சருகோடு பொலித்தீனையும் சேர்த்துக் கொளுத்தும் வழக்கத்தை விடுவோம். சருகை மரத்தடியில் தாழ்த்தால் பசளையாகும். குசினியில் விறகடுப்பு இருந்தால் புகைபோக்கி வையுங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள், சின்னப் பிள்ளையை அடுப்படியில் வைத்திருக்காதீர்கள். வீட்டில் செலவுக்கு ஒழுங்கு செய்யும்போது, அம்மாவின் சுவாசத்துக்கான செலவையும் முன்வரிசையில் எழுதுங்கள்.

மூன்றாவது எங்கள் சங்கத்துக்கு. வளியிலுள்ள நுண்துணிக்கைகளை அளக்கும் சிறிய கருவிகள் இன்று அதிக விலையின்றிக் கிடைக்கின்றன. நூற்றாண்டு நினைவாக ஒன்றைக் கல்லூரிக்கு வாங்கிக் கொடுப்போம். முதற் பங்களிப்பு என்னுடையதாக இருக்கட்டும். விஞ்ஞான மன்ற மாணவிகள் நாள்தோறும் அளவைக் குறித்து, வாடையிலும் சோளகத்திலும் என்ன வேறுபாடு, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் என்ன வேறுபாடு என்று பார்க்கட்டும். அளவு கூடிய நாளில் விளையாட்டுப் பயிற்சியைப் பின்போடவும், இழுப்பு உள்ள பிள்ளைக்குப் பம்ப்பை நினைவூட்டவும் ஆசிரியர்களுக்கு அது உதவும். தீர்ப்புச் சொல்லவும் விதி கேட்கவும் முதலில் அளவு வேண்டும். ரோசமண்ட் அம்மையாருக்குக் கைகொடுத்ததும், வீட்டுக்கு அருகேயிருந்த வளி அளவீட்டு நிலையத்தின் பதிவுகள்தான்.